ஒரு பயண நிரலின் நயம்

அலாஸ்காவுக்குப் போகும் உல்லாசக் கப்பல்களின் கையேட்டைப் புரட்டினால், பளபளக்கும் படங்களுக்கு நடுவே ஒரு சின்ன அட்டவணை இருக்கும். முதல் நாள் வான்கூவர், மாலையில் புறப்பாடு. இரண்டாம் நாள் கடல். பிறகு கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே. ஆறாம் நாள் கிளேசியர் பே. ஏழாம் நாள் ஹப்பர்ட் பனியாறு அல்லது காலேஜ் ஃபியார்ட். எட்டாம் நாள் காலை விட்டியரிலோ ஸீவர்டிலோ இறக்கி விட்டுவிடுவார்கள். வடக்கு நோக்கிப் போகும் ஏழு ராத்திரிப் பயணத்தின் வழக்கமான வடிவம் இது. பணம் கட்டப் போகிறவர்களில் பலர் இந்த அட்டவணையில் ஊர்ப் பெயர்களை மட்டும் எண்ணுகிறார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் இலையில் எத்தனை அயிட்டம் என்று பார்ப்பது போல, எந்தக் கப்பலில் ஊர் அதிகமோ அதற்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.

ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி உண்டு. வருகை, புறப்பாடு என்று மணிக் கணக்கு போட்டிருக்கும். ருசி அங்கேதான் இருக்கிறது. தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, பொழுதையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்தப் பொழுதிலும் பெரும்பொழுது, சிறுபொழுது என்று இரண்டு வைத்தார். பனியாறும் திமிங்கிலமும் பார்க்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. எந்த மாதம், எந்த மணி என்ற இரண்டையும் சரியாகப் பார்த்துவிட்டால் ஊர்ப் பெயர்கள் தாமாகவே வந்து அமர்ந்துகொள்ளும்.

முதல் வரியையே எடுத்துக்கொள்ளலாம். வான்கூவரிலிருந்து மாலையில் கிளம்பும் கப்பல், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள ஒடுங்கிய நீர்வழியில் நுழைகிறது. இரவில் அது தாண்ட வேண்டிய இடம் ஸீமோர் நேரோஸ். ஓதம் ஏறி இறங்கும்போது அங்கே நீரோட்டம் 15 நாட் வேகம் வரைக்கும் போகும். நடுவில் ரிப்பிள் ராக் என்று ஒரு நீர்மூழ்கிப் பாறை பல கப்பல்களைக் காவு வாங்கிக்கொண்டிருந்தது. கடலடியில் சுரங்கம் தோண்டி, ஆயிரம் டன்னுக்கும் மேல் வெடிமருந்து நிரப்பி, 1958 ஏப்ரலில் கனடாக்காரர்கள் அதன் உச்சியைப் பிளந்தார்கள். பாறைதான் போயிற்று, நீரோட்டம் போகவில்லை. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் தண்ணீர் சற்று ஓய்ந்து நிற்கும் வேளை பார்த்துத்தான் இன்றும் பெரிய கப்பல்கள் அதைக் கடக்கின்றன. அதற்குத் தோதாகப் புறப்பாட்டையோ வேகத்தையோ சரிசெய்துகொள்கிறார்கள். ஆக, அட்டவணையில் மாலை நாலரை என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும் எண்ணுக்குள் நிலாவும் இருக்கிறது.

சியாட்டிலிலிருந்து புறப்பட்டுச் சியாட்டிலுக்கே திரும்பும் பயணத்தின் அட்டவணையில் வேறொரு வேடிக்கை. கடைசிக்கு முந்தைய நாள் விக்டோரியா என்று ஒரு கனடா ஊர், இரவு எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை. பூந்தோட்டத்துக்குப் பேர்போன ஊருக்கு இருட்டிய பிறகு எதற்குப் போகிறார்கள்? 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று போகச் சொல்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி அமெரிக்கத் துறைமுகங்களை மட்டுமே சுற்றிவிட்டு இறக்கக் கூடாது. இடையில் ஒரு வெளிநாட்டு மண்ணைத் தொட்டாக வேண்டும். அந்தச் சட்டத்துக்குக் கட்டும் கப்பம்தான் விக்டோரியாவின் அந்த நாலு மணி நேரம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, சியாட்டில் பயணம் பலருக்கு மலிவாகவும் வசதியாகவும் அமையும். ஆனால் அந்தக் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் மேற்கே, திறந்த கடலில் போகும். தீவுகளுக்கு இடையே நெளிந்து போகும் அந்த இரண்டாம் நாள் காலையை இழக்க வேண்டியிருக்கும். இரு கரையிலும் ஊசியிலை மரங்கள் தண்ணீர் விளிம்புவரை இறங்கி நிற்க, ஜான்ஸ்டன் நீரிணையில் கப்பல் சத்தமில்லாமல் போகும் வேளை அது. அதே நீரிணையின் ராப்ஸன் பைட் என்னும் வளைவில் ஓர்கா என்னும் கொலைத் திமிங்கிலங்கள் கரையோரக் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொள்ள வரும் இடங்கள் உண்டு. அதற்காகவே 1982இல் அதைக் காப்பிடமாக ஒதுக்கினார்கள். என் கட்சி வான்கூவர் கட்சி. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கனடா, அமெரிக்கா இரண்டு விசாவும் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பொழுதுக்கு வருவோம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை கப்பல்கள் ஓடுகின்றன. மே மாதத்தில் மலைகளில் இன்னும் வெண்பனி தொங்கும், மழையும் ஒப்பளவில் குறைவு. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஹவாயிலிருந்து வந்துகொண்டிருக்கும் நேரம் அது. குட்டி போடவும் இணை சேரவும் வெப்பக் கடலுக்குப் போயிருந்தவை, அங்கே ஏறக்குறைய பட்டினி கிடந்துவிட்டு, 4,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, வெறும் சாப்பாட்டுக்காக வடக்கே வருகின்றன. ஜூனில் ஜூனோவில் பகல் 18 மணி நேரத்தைத் தொடும். ஜூலை, ஆகஸ்டில் திமிங்கிலம் நிறைய, கூட்டமும் நிறைய, மழையும் நிறைய. செப்டம்பரில் கட்டணம் இறங்கும், கடல் கொஞ்சம் முறைக்கும். அந்த மாதத்துக்கென்று ஒரு தனிச் சலுகையும் உண்டு. கிளேசியர் பேயின் கிளைகளில் ஒன்றான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இன்லெட்டில், பனிக்கட்டிகளின் மேல் கடல்நாய்கள் குட்டி போட்டு வளர்க்கின்றன. அதனால் கோடை முழுக்க உல்லாசக் கப்பல்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. செப்டம்பர் பிறந்ததும் கதவு திறக்கும். கையேடு இதை எழுதாது. தேதியைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

இனி ஆறாம் நாள். அட்டவணையில் கிளேசியர் பேக்கு நேரே துறைமுகம் என்று போட்டிருக்காது. கப்பல் அங்கே எங்கும் கட்டப்படுவதில்லை, யாரும் இறங்குவதில்லை. காலையில் உள்ளே போய், ஒன்பது மணி நேரம் போலச் சுற்றி, மாலையில் வெளியே வருவதுதான் கணக்கு. "இறங்காத ஊருக்கு ஒரு நாள் முழுக்கவா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இந்த வரி உள்ள நிரலுக்காக மற்ற நாலு வரிகளையும் விட்டுக்கொடுக்கலாம் என்பேன். தேசியப் பூங்காவான இந்த விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்கள்தான் நுழைய முடியும். அந்த உரிமம் எல்லாக் கம்பெனியிடமும் இல்லை. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா போன்றவற்றின் பெயர் இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடுவதற்கு அதுதான் காரணம். மற்ற கப்பல்கள் "பனியாறு காட்சி" என்று பொதுவாக எழுதி வேறெங்காவது கூட்டிப் போகும். விளம்பரத்தின் மொழியை இங்கே கூர்ந்து படிக்க வேண்டும்.

வாசலில், பார்ட்லெட் கோவ் அருகே, ஒரு சின்னப் படகு கப்பலோடு ஒட்டி வரும். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிட்ட ஏணியைப் பிடித்துப் பூங்காவின் ரேஞ்சர்கள் மேலே ஏறுவார்கள். அன்றைக்கு ஒலிபெருக்கி அவர்கள் கையில். கடையும் சூதாட்ட அறையும் பின்னுக்குப் போய், ஓர் இயற்கைப் பாடம் முன்னுக்கு வரும்.

அந்தப் பாடத்தைக் கண்ணாலேயே படிக்கலாம் என்பதுதான் இந்த விரிகுடாவின் தனி அழகு. 1794இல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் இந்தப் பக்கம் வந்தபோது இங்கே விரிகுடாவே கிடையாது. கரையில் ஒரு சிறு குடைவு, அதை அடைத்துக்கொண்டு பனிச் சுவர். 1879இல் ட்லிங்கிட் பழங்குடி வழிகாட்டிகளோடு இயற்கையியலாளர் ஜான் மியூர் ஒரு மரப்படகில் வந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்றைக்கு வாசலிலிருந்து பனியின் முகம்வரை 100 கிலோமீட்டருக்குக் குறையாது. கப்பல் போகும் தண்ணீர் முழுவதும் இரண்டரை நூற்றாண்டுக்கு முன் பனிக்கட்டியாக இருந்த இடம்.

இப்போது மேல்தளத்தில் நின்று கரையை மட்டும் பாருங்கள். வாசலருகே பனி விலகி இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே ஸ்ப்ரூஸும் ஹெம்லாக்கும் அடர்ந்த காடு, அடியில் மெத்தை மெத்தையாகப் பாசி. ஒரு மணி நேரம் போனால் மரங்கள் குட்டையாகும். இன்னும் உள்ளே, ஆல்டர் புதர் மட்டும். அதன் வேர்களில் தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து, வெறும் சரளை மண்ணை மரம் தாங்கும் மண்ணாக்கிக்கொண்டிருக்கின்றன. அதற்கும் உள்ளே டிரையஸ் என்னும் தரையோடு படரும் செடி, அப்புறம் பாசிப் படலம், கடைசியில் மொட்டைப் பாறை. காடு எப்படிக் காடாகிறது என்பதைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டும் படம் இது. மினசோட்டாவைச் சேர்ந்த வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் 1916இல் இங்கே சின்னச் சின்னச் சதுரங்களைக் குறித்து வைத்து, எந்தச் செடி எப்போது வருகிறது என்று பதிவுசெய்யத் தொடங்கினார். 1925இல் இது பாதுகாக்கப்பட்ட இடமானதற்கு அவருடைய முயற்சி முக்கியக் காரணம். மாலையில் கப்பல் திரும்பும்போது அதே படம் முன்னோக்கி ஓடும். பாறையில் செடி வரும், செடி புதராகும், புதர் காடாகும். ஒரே வழியில் போய்த் திரும்புவது அலுப்பு என்பவர்கள் இந்த இரண்டாம் காட்சியின்போது உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

உள் முனையில் மார்ஜரி பனியாறு. 34 கிலோமீட்டர் நீளம். தண்ணீருக்கு மேல் தெரியும் முகம் மட்டும் 75 மீட்டர் போல, இருபது மாடிக் கட்டடத்தின் உயரம். கப்பல் அதன் எதிரே ஒரு மணி நேரம் போல நிற்கும். அப்படியே தன்னிருப்பில் மெல்லச் சுழன்று இரு பக்க பால்கனிக்கும் காட்சி கொடுக்கும். ஆகவே இடமா வலமா என்று அறை தேர்வில் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த ஒரு நாளுக்குத் தேவையில்லை. மற்ற நாட்களில், வடக்கே போகும் கப்பலில் பெருநிலக் கரை பெரும்பாலும் வலப்பக்கம் வரும் என்பது வேறு விஷயம்.

அந்த ஒரு மணி நேரத்தில் காதுக்குத்தான் வேலை அதிகம். முதலில் வெடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே எங்கோ விரிசல். பிறகு ஒரு தூண் சாயும், சத்தம் வராது. ஒலி வந்து சேர ஒரு விநாடிக்கு மேல் பிடிக்கும். அதனால் சத்தம் கேட்டுத் திரும்புகிறவருக்குத் தண்ணீர் தெறிப்பது மட்டுமே கிடைக்கும், பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் விழுவது கிடைக்கும். எல்லாம் அடங்கியபின் கப்பலைச் சுற்றி மிதக்கும் துண்டுகளிலிருந்து சோடாவைத் திறந்தது போன்ற மெல்லிய சடசடப்பு வரும். நூற்றாண்டுகளாக அழுத்தத்தில் அடைபட்ட காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம் அது. தண்ணீருக்கு அடியில் இதே சத்தம் பேரிரைச்சல். கடல்நாய்கள் இந்த இரைச்சலுக்குள் ஓர்காக்களுக்குத் தப்பி ஒளிந்துகொள்கின்றனவோ என்று ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள்.

நிறத்தையும் சொல்ல வேண்டும். அமுங்கி இறுகிய பனிக்கட்டி வெளிச்சத்தின் சிவப்புப் பகுதியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறது. புதிதாக உடைந்த இடத்தில் அந்த நீலம் ஆழமாக இருக்கும், வெயில் பட்டு விரிந்த மேற்பரப்பு வெளுத்துவிடும். மேகமூட்டமான நாளில் நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும். மழை வந்துவிட்டதே என்று புலம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

மார்ஜரிக்குப் பக்கத்திலேயே கறுப்பாக, அழுக்கேறி, சரளைக் குவியல் மாதிரி ஒன்று கிடக்கும். யாரும் அதைப் படம் எடுப்பதில்லை. மலையடிவாரம் என்று நினைத்துக் காமிராவைத் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் கிராண்ட் பசிஃபிக் பனியாறு. ஒரு காலத்தில் இந்த விரிகுடா முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற அடிமரம் அது. ஒரு கட்டத்தில் கனடா எல்லைக்குள்ளேயே பின்வாங்கிப் போய், பிறகு மெல்ல அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தது. அழகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கிழவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஏழாம் நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹப்பர்ட் என்றால் பிரம்மாண்டம். 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்கு முகம். உலகத்துப் பனியாறுகள் பெரும்பாலும் சுருங்கிக்கொண்டிருக்க, இது முன்னேறிக்கொண்டிருந்த விசித்திரம். 1986இலும் 2002இலும் முன்னால் வந்து ஒரு கடற்கழியின் வாயையே அடைத்துவிட்டது. ஆனால் மிதக்கும் கட்டிகள் அதிகமிருந்தால் கேப்டன் வெகு தூரத்திலேயே நிறுத்திவிடுவார். காலேஜ் ஃபியார்டில் 1899ஆம் ஆண்டின் ஹாரிமன் பயணக்குழு ஹார்வர்ட், யேல் என்று கல்லூரிப் பெயர்களாக வைத்துவிட்டுப் போன பனியாறுகள் வரிசையாக இறங்கும். ஜூனோவுக்குத் தெற்கே உள்ள டிரேஸி ஆர்ம் ஒரு காலத்தில் கிளேசியர் பே கிடைக்காதவர்களின் ஆறுதல். 2025 ஆகஸ்டில் அங்கே மலைச்சரிவு ஏற்பட்டு, பெரும் அலை எழுந்து கரையை வழித்துக்கொண்டு போனது. நிரலில் அந்தப் பெயரைக் கண்டால் இப்போது உண்மையில் எங்கே போகிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. பக்கத்திலுள்ள எண்டிகாட் ஆர்முக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு, அதுவும் மோசமில்லை.

திமிங்கிலத்துக்கு வேறு கணக்கு. பனியாற்றின் காலடியில் திமிங்கிலத்தைத் தேடுவது பெரும்பாலும் வீண். பனி அரைத்த பாறைமாவு கலந்து அங்கே தண்ணீர் பாலாகக் கலங்கியிருக்கும். திமிங்கிலம் கூடுவது ஓதநீர் ஒடுங்கிய வாசல் வழியே சுழன்று, அடியிலுள்ள சத்தை மேலே கொண்டுவரும் இடங்களில். கிளேசியர் பேயின் வாய், அதற்கு எதிர்க்கரையில் ஐசி நீரிணையின் பாயிண்ட் அடால்ஃபஸ், இவைதான் அவற்றின் சாப்பாட்டு மேசை. ஐசி ஸ்ட்ரெயிட் பாயிண்ட் என்று நிரலில் கண்டால் கொஞ்சம் கூடுதலாக மதிக்கலாம். அது ஹூனா என்னும் ட்லிங்கிட் ஊரின் துறை, 1912இல் கட்டிய மீன் பதப்படுத்தும் ஆலையைப் புதுப்பித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பனி முன்னேறி வந்து கிளேசியர் பேயின் பழங்குடிகளை விரட்டியபோது அவர்கள் வந்து குடியேறிய ஊரும் அதுவே. 2016இல் பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுக்கென்று ஒரு மரபு இல்லம் மீண்டும் எழுந்தது. ஹூனாவும் கிளேசியர் பேயும் ஒரே நிரலில் அமைந்தால் அது ஒரே கதையின் இரண்டு அத்தியாயம்.

பெரிய கப்பலின் பதினோராம் தளத்திலிருந்து திமிங்கிலம் என்பது தூரத்தில் ஒரு புகைக் கீற்று. கப்பல் அதற்காக நிற்காது. பூங்காவுக்குள் திமிங்கிலம் கூடும் பகுதிகளில் வேகத்தை 13 நாட்டுக்குக் குறைக்கச் சொல்வார்கள். 2001இல் ஸ்னோ என்று பெயரிட்டிருந்த ஒரு பெண் திமிங்கிலம் உல்லாசக் கப்பல் மோதி இறந்தது. அதன் எலும்புக்கூட்டை முழுதாகக் கோத்துப் பார்ட்லெட் கோவ் பகுதியில் வைத்திருக்கிறார்கள். திமிங்கிலத்தைப் பார்க்கச் சின்னப் படகுதான் வேண்டும், அதற்கு ஜூனோ. இங்கே மறுபடியும் மணிப் பத்தியைப் பாருங்கள். காலை ஏழுக்கு வந்து பிற்பகல் இரண்டுக்குக் கிளம்பும் கப்பலும், பிற்பகல் வந்து இரவு பத்துக்குக் கிளம்பும் கப்பலும் அட்டவணையில் ஒரே ஜூனோதான். ஜூன் மாதத்தில் இரண்டாவது கப்பலை விடக் கூடாது. ஆக் பேயிலிருந்து சாயங்காலப் படகில் போனால் வெளிச்சம் தாழ்ந்து பக்கவாட்டில் விழும், திமிங்கிலத்தின் மூச்சு பின்னொளியில் பொன்னாகத் தெரியும்.

படகில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது ஒரு வரிசை. மூச்சு ஒன்று, இரண்டு, மூன்று, சில நேரம் நாலு. காற்று நம் பக்கம் வீசினால் அழுகிய மீன் வாடை. கடைசி மூச்சுக்குப் பிறகு முதுகு வழக்கத்தைவிட அதிகமாக வளையும். அப்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும், வால் மேலே வரப் போகிறது. நீர் வழியும் அந்த வாலின் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் கோலம் ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் வேறு. சார்லஸ் ஜுராஸ் என்ற ஜூனோ பள்ளி ஆசிரியர் 1970களில் இந்த வால்களைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் ஆள் அடையாளம் கண்டுபிடிக்கும் வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர். வால் மறைந்ததும் படகோட்டி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்து முதல் பத்து நிமிடம் இடைவேளை.

அதிர்ஷ்டம் இருந்தால் குமிழி வலை. பல திமிங்கிலங்கள் ஒன்றாக மூழ்கும். ஒன்று வட்டமாகக் குமிழ் விட்டபடி சுற்றும், மீன் கூட்டம் அந்த வளையத்துக்குள் சுருளும். படகில் நீரடி ஒலிவாங்கி இருந்தால் எக்காளம் போல ஒரு குரல் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுபடும். அந்த அறுபடலுக்குப் பின் எண்ண நேரம் இருக்காது. மேலே கடற்காகங்கள் கூடும் இடத்தைப் பார்த்திருந்தால் சரியான இடத்தில் கண் இருக்கும். பிளந்த வாய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு எழும், தொண்டை மடிப்புகள் பலூனாக உப்பும், மேலண்ணத்தின் ரோஜா நிறம்கூடத் தெரியும். எல்லாத் திமிங்கிலத்துக்கும் இது தெரியாது. கற்றுக்கொண்டவை சேர்ந்து செய்வது. ஆகவே படகுக்காரர் உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

கெட்சிகனில் மழை, ஸ்காக்வேயில் பழைய தங்க வேட்டைக் காலத்து ரயில். இரண்டும் நன்றாகவே இருக்கும், இரண்டுக்காகவும் நிரலை மாற்ற வேண்டியதில்லை.

பயணம் ஸீவர்டில் முடிந்தால், அன்றைக்கே விமானத்துக்கு ஓடாமல் ஒரு ராத்திரி அங்கே தங்கலாம். கீனாய் ஃபியார்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு அங்கிருந்து படகுகள் போகின்றன. கூன்முதுகும் சில நாள் துடுப்புத் திமிங்கிலமும், சிஸ்வெல் தீவுகளில் பஃபின் பறவைகளும், கடைசியில் அயாலிக் பனியாற்றின் முகமும் ஒரே பகலில் கிடைக்கும். பெரிய கப்பலே பிடிக்காதவர்கள் முன்னே சொன்ன ஏழு நாளையும் விட்டுவிட்டு இதற்கு மட்டும் போனாலும் தப்பில்லை. ஆறு மணி நேரப் படகு, எட்டரை மணி நேரப் படகு என்று இரண்டு வகை உண்டு. நீளமானது நார்த்வெஸ்டர்ன் ஃபியார்ட் வரைக்கும் போகும், அதையே எடுங்கள். அயாலிக் முனையைத் தாண்டும்போது அலாஸ்கா வளைகுடாவின் அலை நேரே வந்து அடிக்கும். குமட்டலுக்கான அவோமின் மாத்திரையைக் கரையிலேயே விழுங்கிவிடுவது உத்தமம், முனைக்கு வந்தபிறகு போட்டால் பலிக்காது.